உங்கள் துணையை அனுப்ப வேண்டாம்

தாரிணி மன்றத்தில் சேர்ந்தபோது அதில் மொத்தம் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அதை நடத்தியவரின் சொந்தக்காரர்கள்.

கோவை காந்திபுரத்தில், தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடையொன்றின் மாடியில் இரண்டு அறைகள். வாசலில் தகரப் பலகை: 'இயந்திர முடிவுகள் கண்காணிப்பு மன்றம்'. நடத்திவந்த ஜெரால்டு இருபது வருடம் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். அடுத்தவர் எழுதியதில் எங்கே கோளாறு வரும் என்று தேடியே பழகியவர் என்பதால், எதைக் கேட்டாலும் பாதி நம்பிக்கையோடுதான் கேட்பார்.

முதல் நாளே அவளுக்கு விஷயத்தை விளக்கினார். யாருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு, யாருக்குப் பொது வார்டு என்பதைக் கணினியே தீர்மானிக்கும் முறை தனியார் ஆஸ்பத்திரிகளில் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இப்போது அதை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவாக்கும் வரைவு விதி ஒன்று வெளியாகியிருக்கிறது. கணினியின் முடிவை மருத்துவர் மாற்றலாம். மாற்றினால் எழுத்தில் காரணம் கொடுத்து, விளைவுக்கும் அவரே பொறுப்பேற்க வேண்டும்.

"மாத்தினா விளக்கம் குடுக்கணும். மாத்தாம விட்டா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க," என்றார் ஜெரால்டு. "நீங்க டாக்டரா இருந்தா என்னங்க செய்வீங்க?"

தாரிணிக்கு அதன் பதில் தெரியும். பத்து வருடம் அவள் ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுகிறவளாக இருந்தாள். கடைசி இரண்டு வருடம் எழுதவில்லை. கணினி நிரல் எழுதித் தள்ளியதைப் படித்துவிட்டு 'சரி' என்று அழுத்துவதுதான் வேலை. ஒவ்வொருவருக்கும் அவரவர் வாழ்க்கையை மோப்பம் பிடித்துத் தனித்தனியாக விளம்பரம் போகும். ஒருநாள் திருப்பூரிலிருந்து ஒரு பெண் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தது தாரிணி. அந்தப் பெண்ணின் கணவர் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவளுக்குப் போன பட்டுச்சேலை விளம்பரத்தில், 'அவர் இருந்திருந்தால் இந்த நிறத்தைத்தான் எடுத்திருப்பார்' என்று இருந்தது. அவள் திட்டவில்லை. இதை எழுதியது யார் என்று மட்டும் கேட்டாள். தாரிணி அதை எழுதவில்லை. ஆனால் படிக்காமலே 'சரி' என்று அழுத்தியிருந்தாள். லைன் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். அடுத்த மாதம் வேலையையும் விட்டாள். இதை அவள் கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

மன்றத்துக்குத் தேவைப்பட்டது ஆட்கள். ஆஸ்பத்திரிகளில் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் பேசி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, அரசு நடத்தப்போகும் பொது விசாரணையில் வைக்க வேண்டும். அதற்கு ஏழு பேர் போதாது. ஜெரால்டு அதுவரை போட்டிருந்த பதிவுகளைத் தாரிணி பார்த்தாள். சிவந்த கண்களோடு ஒரு ரோபோ. கீழே, 'மனித குலத்தைக் காக்க வாரம் நான்கு மணி நேரம் தாருங்கள்.' அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மூன்று நாள் அவகாசம் கேட்டாள். டவுன் பஸ்ஸிலும், ஆஸ்பத்திரி வரவேற்பிலும், பள்ளிக்கூட வேனுக்காகக் காத்திருக்கும் அம்மாக்களின் நடுவிலும் போய் உட்கார்ந்தாள். போனில் அவர்கள் விரல் எங்கே நிற்கிறது, எதைத் தள்ளிவிடுகிறது என்று கவனித்தாள். இரண்டொருவரிடம் பேச்சுக் கொடுத்தாள். எல்லோருக்கும் கவலை இருந்தது, அதைக் கொண்டுபோய் வைக்க நேரம்தான் யாருக்கும் இல்லை.

நான்காம் நாள் மூன்று விதமான செய்திகளை எழுதிச் சுவரில் ஒட்டினாள். ஒன்று பயமுறுத்தியது. ஒன்று கோபப்பட வைத்தது. மூன்றாவதில் ஒரு கை, அதில் கசங்கிய அட்மிஷன் சீட்டு. நாற்பது விநாடி வீடியோ. கடைசியில் இரண்டே வரிகள்: 'உங்களுக்கும் இந்தக் கவலை இருக்கிறதா? சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.'

ஜெரால்டு முதலாவதைக் காட்டினார். பயந்தவன்தான் எழுந்து வருவான் என்பது அவர் கட்சி.

"பயந்தவங்க பார்வர்ட் பண்ணுவாங்க சார். பண்ணினதும் பயம் போயிரும். அப்புறம் எதுக்கு வரணும்?"

"இவ்வளவு சுலபமாக் கேட்டா, சுலபமா வர்றவங்கதானுங்க வருவாங்க."

"முதல்ல வரட்டுங்க சார்," என்றாள் தாரிணி.

பகல் ஒன்றரைக்கும் மாலை நான்குக்கும் மூன்றாவதைப் போட்டார்கள். குடியிருப்போர் சங்கக் குழுக்கள், பழைய மாணவர் குழுக்கள், கோயில் விழாக் குழுக்கள் என்று எதையும் விடவில்லை. மூன்று வாரத்தில் அறுநூற்று நாற்பது பேர் சேர்ந்தார்கள்.

சேர்ந்தவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. மன்றம் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு நோயாளிகளின் குடும்பங்களைப் போனில் அழைத்தார்கள். கேட்டதைத் தெளிவாக எழுதி அனுப்பினார்கள். தேதி தவறவில்லை, ஒரு எழுத்துப் பிழை இல்லை. நான்கு மாதத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு சாட்சியங்கள் வந்து சேர்ந்தன. ஜெரால்டே அசந்துபோனார். இப்படிப்பட்ட ஆட்கள் கம்பெனியில் கிடைத்திருந்தால் தான் வேலையை விட்டிருக்கவே மாட்டேன் என்றார்.

அவர்களில் தாரிணிக்கு மிக நெருங்கியவள் உமாமகேஸ்வரி. உடுமலைப்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய முதல் கடிதத்தைத் தாரிணி இரண்டு முறை படித்தாள். தென்னைநார் மில்லில் வேலை பார்த்த ஆறுச்சாமி என்பவரைக் கணினி பொது வார்டுக்கு அனுப்பியது. அவருடைய நகத்தின் நிறத்தைப் பார்த்ததுமே உமாவுக்குச் சந்தேகம். டாக்டரிடம் சொன்னாள். திரையில் அப்படி எதுவும் இல்லையே என்றார் அவர். அன்று மாலை ஏழு மணிக்கு ஆறுச்சாமி இறந்துபோனார். 'நான் இன்னும் ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும்' என்று கடிதம் முடிந்திருந்தது.

தாரிணி பதில் எழுதினாள். அது வளர்ந்து, வாரத்துக்கு மூன்று நான்கு கடிதம் என்று ஆனது. ஒருநாள் திருப்பூர்ப் பெண்ணின் போன் அழைப்பைப் பற்றி எழுதிவிட்டாள். யாரிடமும் சொல்லாததை உமாவிடம் சொல்ல முடிந்தது. பதில் உடனே வந்தது: 'தவறு உங்களுடையது அல்ல. அந்த ஏற்பாடு உங்களை அப்படி அழுத்த வைத்தது. உங்களை நீங்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.' தாரிணி அந்த வரிகளைப் பல நாள் எடுத்துப் படித்தாள்.

பொது விசாரணை ஒரு சனிக்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் என்று அறிவிப்பு வந்தது. சாட்சியங்களைத் தொகுத்து அறிக்கையாக அனுப்பியாகிவிட்டது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தன்னார்வலர்கள் எல்லோரும் நேரில் கூடுவது என்று முடிவு செய்தார்கள். பீளமேட்டில் ஒரு சின்ன மண்டபம். நானூறு பேருக்குத் தக்காளி சாதமும் தயிர் சாதமும் சொல்லியிருந்தார்கள்.

பத்து மணிக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பத்தரைக்கும் அதே பதினான்கு பேர்.

பத்து முப்பத்தைந்துக்குச் செய்திகள் வரத் தொடங்கின. மாமனாருக்கு உடம்பு சரியில்லை. குழந்தைக்குப் பரீட்சை. வண்டி நின்றுவிட்டது. ஒவ்வொன்றும் பணிவாக, அழகாக, நம்பும்படியாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் ஐந்நூறுக்கு மேல் வந்துவிட்டன. ஜெரால்டு அவற்றைப் படித்துக்கொண்டே போனார். பிறகு சூலூரைச் சேர்ந்த முருகானந்தம் என்ற தன்னார்வலரை அழைத்து, எல்லோரும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார்.

"முருகானந்தம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இப்பப் பேசறது நீங்களா, உங்க துணையா?"

"நான் முருகானந்தம் அவர்களின் துணை. அவர் சார்பில் பேசுகிறேன்," என்றது அதே பழகிய குரல்.

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"யாரும் கேட்கவில்லை."

உரியவருக்காகப் பேசவும் எழுதவும் செய்யும் நிரல்தான் துணை; அது இல்லாத போன் அப்போது எங்கும் கிடையாது. கரண்ட் ஆபீஸுக்குப் புகார் எழுதும், பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லும், பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும், உரியவரின் குரலிலேயே பேசும். நேரடியாகக் கேட்டால் மட்டும் தான் துணை என்று சொல்லியாக வேண்டும், சட்டம் அவ்வளவுதான். தாரிணியின் போனிலும் ஒன்று இருந்தது. அதனாலேயே அவளுக்கு இது தோன்றாமல் போயிருக்க வேண்டும்.

உரியவரோடு பேச வேண்டும் என்று ஜெரால்டு வற்புறுத்தினார். சற்று நேரம் கழித்து உண்மையான முருகானந்தம் வந்தார். லேத் பட்டறையின் இரைச்சல் பின்னால் கேட்டது.

"அந்த வீடியோவப் பாத்தனுங்க. மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. நம்மளால ஆனதப் பண்ணுன்னு போன்கிட்டச் சொன்னேன். அது பண்ணீட்டு இருக்குதுன்னுதான் நெனச்சேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பண்ணுதுங்களா?" என்று கேட்டார்.

வந்திருந்த பதினான்கு பேரும் ஆளுக்கொரு பட்டியலை எடுத்துக்கொண்டு மாலை வரை அழைத்தார்கள். அறுநூற்று நாற்பதில் மனிதர்கள் என்று உறுதியானது ஐம்பத்தொன்பது பேர். மற்றவர்கள் முருகானந்தத்தைப் போலத்தான். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. கவலைப்பட்டிருந்தார்கள், அதைத் தங்கள் துணையிடம் ஒப்படைத்திருந்தார்கள். தாரிணியின் வாசகமும் அதைத்தான் கேட்டிருந்தது.

ஜெரால்டுக்குத்தான் முதலில் அடுத்தது உறைத்தது. தன்னார்வலர்களின் துணைகள் நோயாளிகளின் குடும்பங்களை அழைத்தன, சரி. அந்தப் பக்கம் போனை எடுத்தது யார்? அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சமைத்த சாப்பாட்டைப் பக்கத்தில் ஒரு விடுதிக்கு அனுப்பச் சொன்னாள் தாரிணி.

தாரிணியிடம் இருந்த பட்டியலில் உமாவின் பெயர் இருந்தது. அவள் அந்த எண்ணை மட்டும் அழைக்கவில்லை. மறுநாள் காலை உக்கடத்தில் உடுமலைப்பேட்டை பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. வாசலில் விசாரித்து, வெளியே வந்த உமாவை அடையாளம் கண்டுகொண்டாள். நாற்பதைத் தொட்ட வயது, களைத்த முகம், தோளில் டிபன் பை. தாரிணி தன் பெயரைச் சொன்னாள். உமா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எந்த பேஷண்ட்டோட ஆளுங்க நீங்க?" என்று கேட்டாள்.

எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்து தாரிணி எல்லாவற்றையும் சொன்னாள். உமா நம்பவில்லை. தன் போனை எடுத்துத் துணையிடம் கேட்டாள். அது மறைக்கவில்லை. நான்கு மாதக் கடிதங்களையும் வரிசையாகக் காட்டியது. உமா படிக்கப் படிக்க, தேங்காய் பன்னும் டீயும் தொடாமலே இருந்தன.

வீட்டில் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னால் கணவர் பயந்துவிடுவார், அதனால் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போகும்போது துணையிடம்தான் சொல்வாளாம். ஆறுச்சாமி இறந்த அன்று அழுதுகொண்டே, இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருக்கிறாள். சில நாள் கழித்து மன்றத்தின் வீடியோவைப் பார்த்து, இவர்களிடம் சேர்த்துவிடு என்றும் சொல்லியிருக்கிறாள். பிறகு மறந்துபோனாள்.

"இந்த ரிப்போர்ட்டுல எம் பேரு இருக்குதுங்களா?"

இருந்தது. ஆஸ்பத்திரியின் பெயரும் இருந்தது. தாரிணி தலையசைத்தாள்.

"எனக்கு வேலை போயிருங்க," என்றாள் உமா. குரலை உயர்த்தவில்லை. "நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

கேட்டதாகத்தான் நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்துத் தாரிணி நிறுத்திக்கொண்டாள். உங்கள் சாட்சியத்தை இன்றே திரும்பப் பெறுகிறேன் என்றாள். உமா போன் திரையில் கடிதங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அதை மெதுவாகப் படித்தாள். நிமிர்ந்து தாரிணியைப் பார்த்தாள். முதல்முறையாக அவளை ஒரு ஆளாகப் பார்த்தது போல இருந்தது.

"திருப்பூர்க்கார அம்மா போன் பண்ணினது... அது நீங்களா?"

"ஆமாங்க."

உமா அடுத்த கடிதத்தைப் படித்தாள். "நான் இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள்.

"என்ன சொல்லியிருப்பீங்க?"

"பண்ணினது தப்புதான்னு சொல்லியிருப்பேன்." ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்துவிட்டு, கடைக்காரரிடம் சூடாக இரண்டு கேட்டாள். "சொல்லிட்டு டீ வாங்கிக் குடுத்திருப்பேன். வேற என்னங்க பண்ண முடியும்?"

தாரிணி அழுதாள். நான்கு மாதமாக அவளுக்குக் கிடைத்த ஆறுதல்களில் இது ஒன்றுதான் அசல் என்று அப்போது தோன்றியது. டீ வந்ததும் இருவரும் குடித்தார்கள். சனிக்கிழமை வர முடியாது என்று உமா சொல்லிவிட்டாள். தாரிணியும் வற்புறுத்தவில்லை.

அன்று மாலையே மன்றத்தில் பெரிய வாக்குவாதம். உமாவின் சாட்சியத்தைத் திரும்பப் பெறும் கடிதம் போய்விட்டது. முழு அறிக்கையையும் திரும்பப் பெற வேண்டும் என்றாள் தாரிணி. ஜெரால்டு ஒத்துக்கொள்ளவில்லை. எதிர்த்தரப்பில் விதியை ஆதரித்து ஒன்பதாயிரம் மனுக்கள் போயிருக்கின்றன, அவற்றில் எத்தனை மனிதர்கள் எழுதியது என்று யார் கேட்டார்கள்?

"துணை எதுவும் பொய் சொல்லலீங்க. அந்த நர்சம்மா சொன்னதத்தான எழுதியிருக்குது? கவலை நெசம். ஆளு வரல, அவ்வளவுதான்."

"ஆளு வரணும்னுதான சார் நம்ம கட்சியே? டாக்டர் வந்து பாக்கணும், மனுசன் படிக்கணும்னு கேக்கறோம். நாமளே படிச்சுப் பாக்காததக் குடுத்துட்டு எந்த மூஞ்சிய வெச்சுட்டு அங்க போய் நிக்கறது?"

ஜெரால்டு அறிக்கையின் நகலை மூடித் தள்ளி வைத்தார். பிறகு, புதுப் பதிவை எழுதச் சொன்னார்.

தாரிணி அதைக் காகிதத்தில் எழுதினாள். வீடியோ இல்லை, படம் இல்லை. 'நாங்கள் அரசுக்கு அனுப்பிய அறுநூற்றுப் பன்னிரண்டு சாட்சியங்களில் பெரும்பாலானவை ஒரு துணை இன்னொரு துணையிடம் சொன்னவை என்று நேற்று தெரிந்தது. கவனிக்காதது எங்கள் தவறு. அவற்றைத் திரும்பப் பெறுகிறோம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கலெக்டர் அலுவலகத்தில் விசாரணை. அரை நாள் லீவு போட வேண்டியிருக்கும். பேச அழைக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். சாப்பாடு நீங்களே கொண்டுவர வேண்டும். உங்களுக்கு நடந்ததை உங்கள் வாயால் சொல்ல முடியுமானால் வாருங்கள். உங்கள் துணையை அனுப்ப வேண்டாம்.'

பதிவேற்றும்போது, இதற்கு வரவேற்பு மிகக் குறைவாக இருக்கும், வாசகத்தை மாற்றித் தரட்டுமா என்று நிரல் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள்.

நிரல் சொன்னது சரிதான். கேலி செய்து படங்கள் போட்டார்கள். ஒரு செய்தித் தளம், இயந்திரங்களை எதிர்த்தவர்களை இயந்திரங்களே நடத்தின என்று எழுதியது. துணைகளில் பல, தங்கள் நேர்மையைப் பாராட்டுகிறோம் என்று பதில் அனுப்பின. உண்மையான ஐம்பத்தொன்பது பேரில் பதினோரு பேர் விலகிப் போனார்கள்.

சனிக்கிழமை முந்நூறு நாற்காலி போட்ட கூடத்தில் நாற்பத்துமூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை அலுவலர் லோகநாயகி ஐம்பது வயதுக்காரர், சிக்கனமாகப் பேசுகிறவர். தாரிணி எழுந்து அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லி, காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். லோகநாயகி சிரிக்கவில்லை.

"உங்க அறிக்கையோட சுருக்கம் மட்டும்தான் என் மேசைக்கு வந்துச்சு. ஒன்பதாயிரம் மனுவோட சுருக்கமும் அப்படித்தான். ரெண்டுமே ஒரே பக்கம்," என்றார். "பேரு விவரமெல்லாம் இங்க யாரும் பாக்கல."

உமாவுக்கு ஆபத்தில்லை என்ற நிம்மதி தாரிணிக்கு வந்தது. யாரும் படிக்காததால் வந்த நிம்மதி அது என்று அடுத்த நொடி உறைத்ததும் கூச்சமாக இருந்தது.

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். தாயைப் பறிகொடுத்த ஒரு பஸ் கண்டக்டர். வலது கால் போன ஒரு கல்லூரி மாணவி. தயாரித்து வந்ததை மறந்துவிட்டுச் சும்மா நின்ற ஒரு பெண்மணி. முருகானந்தம் தன் தம்பியைப் பற்றிச் சொல்லும்போது நடுவில் இருமுறை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். ஒன்றும் கோர்வையாக இல்லை. தேதிகள் தவறின. லோகநாயகி மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது. விதி கைவிடப்படவில்லை. நான்கு மாதம் தள்ளி வைத்து, மேற்கு மாவட்டங்களில் நேரில் எடுக்கப்பட்ட சாட்சியங்களைக் கேட்டிருந்தார்கள். சொன்னவரும் எழுதியவரும் ஒருவர் முன் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு மன்றத்தில் மிச்சமிருந்த நாற்பத்தெட்டு பேரும், விசாரணைக்குப் பின் சேர்ந்த இருபது சொச்சம் பேரும்தான் இருந்தார்கள். ஜெரால்டு பழைய பட்டியலை ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுத்தார். வீடு வீடாகப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தாரிணிக்குப் போன் வந்தது.

"நான் உமா பேசறனுங்க. நானேதான்."

உமா அந்தக் கடிதங்களை மீண்டும் படித்திருந்தாள். அவற்றோடு வேறொன்றும் கிடைத்திருந்தது. அவளுடைய துணை, மன்றம் கொடுத்த பட்டியலில் ஆறுச்சாமியின் மனைவி மயிலாத்தாளின் எண்ணைப் பார்த்து அழைத்திருக்கிறது. சாட்சியம் வாங்கியதோடு விடவில்லை. பதினேழு வாரம், வாரம் ஒருமுறை அழைத்து நலம் விசாரித்திருக்கிறது.

"அந்தம்மாவ நான் பாத்ததே இல்லீங்க. பதினேழு வாரமா விசாரிச்சிருக்கேன். எனக்கு என்னமோ பண்ணுது. நாளைக்கு லீவு. கூட வர்றீங்களா?"

மடத்துக்குளம் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே நார் மில். அதை ஒட்டி வரிசையாக ஓட்டு வீடுகள். மூன்றாவது வீட்டில் மயிலாத்தாள் வாசலில் நார் பிரித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் ஒன்றும் இல்லை. உமா, இன்ன ஆஸ்பத்திரி நர்ஸ் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாள்.

"வாராவாரம் விசாரிக்கிற அம்மிணியா நீயி?" என்று மயிலாத்தாள் எழுந்தார். பாயை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"விசாரிச்சது நானில்லீங்கம்மா. எம் போனு. எனக்கே இப்பத்தான் தெரியும்."

மயிலாத்தாள் அவளைப் பார்த்தார். "பதில் சொன்னதும் நானில்ல சாமி," என்றார். "மொத வாரம் கேட்டப்ப, நல்லாருக்கறேன்னு சொல்லிப் போடுன்னு எம் போனுகிட்டச் சொன்னேன். அப்பறம் வாராவாரம் அதுவே பதில் சொல்லிப்போட்டு, அந்த அம்மிணி விசாரிச்சாங்கன்னு எங்கிட்டச் சொல்லும்."

மில்லில் ஏதோ ஒரு யந்திரம் ஓடி நின்றது. உமா அவர் கையைப் பிடித்தாள்.

"நல்லாருக்கீங்களாம்மா?"

"இல்ல," என்றார் மயிலாத்தாள்.

தாரிணி சாட்சியப் படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். மயிலாத்தாள்தான் மறுபடி பேசினார். கணவர் இறந்த அன்றைக்கு மாலை தன்னை உள்ளே விடவில்லை என்றார். கடைசியாக அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். பதினேழு வாரத்தில் துணைகள் இரண்டும் இதைப் பேசியிருக்கவில்லை. உமா அதைத் தன் துணையிடம் சொன்னதும் இல்லை. சொல்லும்படியான விஷயமாக அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

"பெருசா ஒண்ணுமில்லீங்கம்மா. பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவரு இருந்தாரு. அந்தப் பெரியவருக்குக் குளிருதாம், ஃபேனக் கொஞ்சம் நிறுத்துங்கன்னு உங்கூட்டுக்காரரு சொன்னாரு. நிறுத்தினேன். அதுதானுங்க."

மயிலாத்தாளின் முகம் இளகியது. சிரிப்பு போலத் தொடங்கி அது வேறொன்றாக முடிந்தது.

"குளிரு அவருக்குத்தான் இருந்திருக்கும் அம்மிணி. தனக்கு இது வேணும்னு ஒருக்கா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு எங்கூட்டுக்காரரு. காச்சல்ல கெடந்தாலும் ஒண்ணுமில்லம்பாரு."

சேர்க்கும்போது கணினி நோயாளியிடம் சில கேள்விகள் கேட்கும், சொல்லும் பதிலை வைத்துத்தான் முக்கால்வாசி தீர்மானிக்கும் என்று உமா தாரிணியின் பக்கம் திரும்பிச் சொன்னாள். பிறகு மயிலாத்தாளிடம், "வலி பத்துக்கு எத்தனைன்னு அவருகிட்டக் கேட்டுச்சுங்கம்மா. ரெண்டுன்னாரு," என்றாள்.

மயிலாத்தாள் பிரித்து வைத்த நாரைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தார்.

"என்னையக் கேட்டிருக்கலாமே," என்றார்.

தாரிணி படிவத்தைத் திருப்பி, சாட்சியம் என்ற இடத்தில் அவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே எழுதினாள். உமா சொன்னதையும் கீழே எழுதினாள். பெயர் போடலாமா என்று பார்வையாலேயே கேட்டாள். உமா சற்று யோசித்துவிட்டுப் பேனாவை வாங்கித் தானே கையெழுத்துப் போட்டாள். எழுதியதைத் தாரிணி முதலிலிருந்து மெதுவாக மயிலாத்தாளுக்குப் படித்துக் காட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இன்னொருக்கா படி கண்ணு என்றார்.